நாலாவது தொட்டியில் நல்ல தண்ணீர்

— நாலாவது தொட்டியில நல்ல தண்ணி விட்டது யாரு?

— காலங்காத்தால ஏங்க கத்துறீங்க? நான்தான்.

— நீயா? இத்தன வருசமா என்கூட இந்த நர்சரியில நிக்கிற. அலையாத்திக் கன்னுக்குக் கொஞ்சம் கொஞ்சமா உப்பக் கூட்டணும்னு உனக்குத் தெரியாதா? இப்பதான் கடல் தண்ணி அளவுக்குக் கொண்டுவந்தேன். மொத்தத்தையும் வடிச்சுட்டு நல்ல தண்ணிய நெரப்பி வச்சிருக்க!

— வாடுன மாதிரி இருந்துச்சு.

— வாடல. இந்த எலையப் பாரு, மேல வெள்ளையாப் பூத்திருக்கு. நாக்குல வச்சுப் பாரு, உப்பு! வேர் வழியா உள்ள போனத எலை வழியா வெளிய தள்ளக் கத்துக்கிச்சு. ராத்திரி பூரா நல்ல தண்ணியில இருந்துட்டு, நாளைக்கு முகத்துவாரத்துச் சேத்துல போய் நின்னா தாங்குமா? சுருண்டுடும்.

— அப்ப நாளைக்கு நடாதீங்க.

— லேசா சொல்லிட்ட. மறுபடியும் மொதல்லேருந்து பழக்கணும். சரி, உன் மக புருசன் வீட்டுக்குக் கெளம்பிட்டாளா?

— சிரிச்சுக்கிட்டு வந்தா உங்க மக, அழுதுக்கிட்டு வந்தா என் மகளா?

— பேச்ச வளக்காத. மத்தியான பஸ்ஸுக்கு அனுப்பிவை. போன எடத்துல நாலு வார்த்த முன்னப்பின்ன பேசத்தான் செய்வாங்க. செடியே உப்புக்குப் பழகிக்குது, இவ பழக மாட்டாளா?

— வெறும் வார்த்தையா? அவ கையில இருந்த காயத்த நேத்து நீங்க பாக்கல?

— பாத்தேன்.

— பாத்துட்டுமா "பொறுத்துக்கம்மா"ன்னீங்க?

— வேற என்ன சொல்லச் சொல்ற? ஊரு சிரிக்காதா?

— ஒண்ணு கேக்குறேன். உப்பக் கூட்டுற அன்னைக்கு நீங்க தூங்குவீங்களா? டார்ச் எடுத்துக்கிட்டுக் கன்னு கன்னாப் போய்ப் பாப்பீங்க. எலை நுனி லேசாக் கருகினாப் போதும், அப்பவே தூக்கி நெழல்ல வைப்பீங்க. பெத்த பொண்ணக் கட்டிக் குடுத்தோமே, ஒரு தடவ போய் எட்டிப் பாத்தீங்களா?

— பாக்கல.

— ஏன்?

— போனா கையோட கூட்டிக்கிட்டு வந்துடுவேன். அந்தப் பயத்துலதான் போகல.

— இப்பச் சொல்லி என்னங்க பண்ண?

— ஏன் பண்ண முடியாது? ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். என் புள்ள இனிமே அங்க போக வேணாம். அவ பைய நானே போய்ப் பிரிச்சு வைக்கிறேன். எந்திரிச்சுட்டாளா?

— உள்ள போகாதீங்க. விடியறதுக்கு முன்னாடியே மொத பஸ்ஸப் புடிச்சு அந்த வீட்டுக்கே போயிட்டா. கையப் புடிச்சு இழுத்தேன், நிக்கல. தொட்டியில தண்ணி மாத்துனது நான் இல்லங்க, அவதான். "இதுங்களாவது ஒரு நாள் நல்ல தண்ணி குடிக்கட்டும்மா"ன்னு சொல்லிட்டுப் போனா.