நஃபீசா டீச்சர் தன் கையால் திறந்த தலைவாசல்

அளந்து பேசுவதிலும் அளந்து அறுப்பதிலும் இதுவரை நூல் பிசகாத எங்கள் சங்கத் தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மரவாடி உரிமையாளர்களே, இரும்புக் கதவு வணிகர்களே! உளி பிடித்து உளி பிடித்து உள்ளங்கை காய்த்துப்போன என் உடன்பிறப்புகளே! குறுவை அறுப்பை அரை நாள் ஒத்திவைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று இப்போதும் மனசுக்குள் யோசித்துக்கொண்டிருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் திருவிடைமருதூர் கதவுப் பட்டறை பிரகதாம்பாளின் தலைதாழ்ந்த வணக்கம்.

தலைவாசல் கதவைப் பற்றிப் பேசு என்றார்கள். எதில் செய்வது, அதற்கு என்னென்ன உறுப்பு, அதனால் என்ன பயன். இருபத்தாறு வருடமாகக் கதவோடு வாழ்கிறவளுக்கு இதைவிட இனிய தலைப்பு ஏது? தேக்கைப் பற்றிச் சொல்லவா? ஐப்பசி மழையில் மற்ற மரமெல்லாம் ஊதிக்கொண்டு நிற்கும்போது, அசையாமல் அளவோடு நிற்கும் அதன் அழகைச் சொல்லவா? வேம்பு இருக்கிறது, கரையான் அண்டாது, ஆனால் மழைக்காலத்தில் நிலையோடு இறுகிக்கொண்டு தோள் கொடுத்து இடித்தால்தான் திறக்கும். இரும்புக் கதவு இருக்கிறது, உடைக்க வருகிறவன் களைத்துப் போவான், ஆனால் கீழ்விளிம்பில் பூச்சு உரிந்தால் துரு ஏறும், சித்திரை வெயிலில் கையை வைக்க முடியாது. ஃபைபர் கதவு தண்ணீர் குடிக்காது, எடையும் குறைவு. அங்கே ஒரு தம்பி, "எது நல்லதுன்னு சொல்லுங்க" என்கிறார். சொல்கிறேன் தம்பி. அதைச் சொல்லத்தான் நஃபீசா டீச்சர் கதையோடு வந்திருக்கிறேன்.

நஃபீசா எங்கள் ஊரில் கணக்கு டீச்சர். அவர் கணவர் ஜெக்கரியா பாய் மஸ்கட்டில் பத்தொன்பது வருடம் லாரி ஓட்டித் திரும்பியவர். திரும்பி வந்ததும் வீடு கட்டினார். வீட்டுக்கு முகமாக ஒரு கதவு வைத்தார். அது கதவா? இரட்டைக் கதவு, பர்மா தேக்கு, பித்தளைக் குமிழ், ஆறங்குலம் உயரத்தில் வாசற்படி! நிலையின் கீழ்க்கட்டையைத்தான் வாசற்படி என்கிறேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். செய்து கொடுத்தவள் இதோ நிற்கிறேன். அந்தக் கதவின் படத்தைப் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

நாலு வருடம் கழித்து, பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு விபத்து. டீச்சருக்கு முதுகெலும்பில் அடி. உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. சக்கர நாற்காலியில் வீடு வந்து சேர்ந்தார். என் பெருமைக்குரிய வாசற்படி முன்னால் நாற்காலி நின்றது. முன்னால் இருவர், பின்னால் இருவர் பிடித்து, மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கி உள்ளே வைத்தார்கள்.

அன்றைக்கு உள்ளே போனவர் இரண்டு வருடம் வெளியே வரவில்லை! மருத்துவமனைக்குப் போக மட்டும் தூக்குவார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பெருநாளுக்குத் தங்கை வீட்டில் அழைத்தார்கள், போகவில்லை. பள்ளியிலிருந்து ஆள் அனுப்பி, எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் வேண்டும், தரைத்தளத்திலேயே வகுப்பு தருகிறோம் என்றார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அப்புறம் எனக்கு ஆள் அனுப்பினார்.

போனேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். டீச்சர் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, தினமும் காலையில நாலு பேரு என்னைத் தூக்கி வெளியில வச்சு, சாயங்காலம் தூக்கி உள்ள வைக்கணும்னா நான் வேலைக்குப் போகல. நானே திறந்து, நானே போகணும். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

பண்ணுகிறேன் என்றேன். மூத்த ஆசாரி இராஜாங்கத்தை அழைத்துக்கொண்டு போய் நாற்காலியின் அகலத்தை அளந்தேன். வாசற்படிக்கு இருபுறமும் சாய்பலகை அடித்தேன். நாலே நாளில் வேலை முடிந்தது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வாங்க டீச்சர்" என்றேன்.

வந்தார். சாய்பலகையில் ஏறினார். கதவு உட்பக்கமாகத் திறப்பது. ஒரு கையால் குமிழை இழுத்தால் இன்னொரு கையால் இரண்டு சக்கரத்தை எப்படிப் பிடிப்பது? நாற்காலி பின்னால் உருண்டது. மறுபடி ஏறினார். ஒரு கதவு திறந்தது. மற்றதற்குத் தாழ்ப்பாள் மேலே, நிற்கிறவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. நான்தான் எட்டித் திறந்துவிட்டேன். ஏற்ற இறக்கத்தில் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிலையோரம் ஒதுங்கியது. சக்கரம் தள்ளிய வலது கை நிலைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டி, விரல் முட்டி நாலும் உரிந்து ரத்தம் வந்துவிட்டது.

கோபப்படவில்லை அவர். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு சொன்னார்: "நாற்காலியை அளந்தீங்க அக்கா. அதுல உக்காந்திருக்கறவளோட கையை அளக்கலையே."

இத்தனை வருடத்தில் எத்தனையோ விருது வாங்கியிருக்கிறேன் அவையோரே! என் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு வாக்கியம்!

அன்று ராத்திரி முழுக்க யோசித்து மறுநாள் காலை போய் நின்றேன். சாய்பலகை வேண்டாம், வாசற்படியையே அறுத்து எடுத்துவிடலாம், இரட்டைக் கதவை ஒற்றைக் கதவாக்கலாம் என்றேன். ஜெக்கரியா பாய் முகம் கறுத்துவிட்டது. படி இல்லாவிட்டால் தெருத் தண்ணீர் கூடத்துக்கு வரும் என்றார். பூச்சி பொட்டு வரும் என்றார். பாலைவனத்தில் உழைத்து வைத்த கதவில் ரம்பம் படுவதைப் பார்க்க மாட்டேன் என்றார். தப்பா அவர் சொன்னது? தப்பில்லை. தண்ணீர் வரும் என்று அவர் பயந்ததும் நியாயம். காவிரிப் பாசனத்து ஊரில் கார்த்திகை மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா?

டீச்சர் அவரோடு வாதாடவில்லை. கட்டிலுக்கு மாறிக்கொண்டு, நாற்காலியைக் காட்டி, "நீங்க இதுல உக்காந்து ஒரு தடவை வெளியில போய்ட்டு வாங்க. முடிஞ்சா கதவு அப்படியே இருக்கட்டும்" என்றார்.

உட்கார்ந்தார். லாரி ஓட்டிய கை, வலுவான கை. சாய்பலகையில் ஏறினார், உருண்டார். ஏறினார், உருண்டார். மேல்தாழ்ப்பாளைப் பார்த்துக் கையைத் தூக்கினார், ஒரு முழம் எட்டவில்லை. பத்து நிமிடம் பாடுபட்டார். நானும் இராஜாங்கமும் நகரவில்லை. நகரக் கூடாது என்று டீச்சர் கண்ணாலேயே சொல்லியிருந்தார். கடைசியில் தான் வாங்கிய கதவுக்கு முன்னால், தன் வீட்டுக்குள்ளேயே அடைபட்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

திரும்பாமலே சொன்னார்: "எடுத்துருங்கம்மா."

எடுத்தோம்! ஆனால் அவருடைய தேக்கில் ஒரு கட்டையைக்கூட நாங்கள் வீணாக்கவில்லை. இரண்டு கதவையும் பிரித்து, சட்டங்களை இழைத்து, இராஜாங்கம் ஒரே கதவாகச் சேர்த்தார். மூன்றரை அடி அகலம். ஐம்பது கிலோவுக்கு மேல் கனம். கனத்தைப் பார்த்துப் பயப்படுகிறீர்களா? பால் பேரிங் வைத்த கீல் நாலு போட்டோம், ஒரு விரலால் இழுத்தால் வந்தது. உருட்டும் குமிழ் போயிற்று, முழங்கையால் அழுத்தினாலும் இறங்கும் நீளக் கைப்பிடி வந்தது. உட்கார்ந்த உயரத்தில் பூட்டு, உட்கார்ந்த கண்ணுக்கு நேராக ஆள் பார்க்கும் லென்ஸ். உட்புறம் குறுக்கே ஒரு இழுப்புக் கம்பி, அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தால் கதவும் கூடவே வரும். வாசற்படி இருந்த இடத்தில் அரை அங்குலச் சரிவு, அங்கிருந்து தெருவரைக்கும் நீளமாக ஒரு சரிவு. தண்ணீர்? கதவுக்கு வெளியே ஒரு சாண் அகலத்தில் வடிகால் வெட்டி, அதன்மேல் சக்கரம் சிக்காத சன்னக் கம்பி மூடி போட்டோம். கதவைச் சாத்தினால் தானே இறங்கித் தரையோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டையை அடியில் பொருத்தினோம். இந்த முறை டீச்சரின் கையைப் பத்து தடவை அளந்துவிட்டுத்தான் ரம்பத்தைத் தொட்டேன்.

வேலை முடிந்தும் மழை விடாததால் டீச்சர் தெருவில் இறங்கவில்லை. மூன்றாம் வாரம் கார்த்திகைப் புயல். உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை, தெருவில் கணுக்கால் தண்ணீர். காலை எட்டு மணி இருக்கும். அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த ஜெக்கரியா பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். வேர்வை கொட்டுகிறது. பேச்சு வரவில்லை. வீட்டில் வேறு யாருமில்லை. டீச்சர் கத்தினார். மழை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

பழைய கதவாக இருந்திருந்தால்? நினைத்துப் பாருங்கள். நான் நினைக்காத நாளில்லை.

டீச்சர் நாற்காலியைத் திருப்பினார். கூடத்தைக் கடந்தார். கைப்பிடியை அழுத்தினார், கம்பியை இழுத்தார், கதவு திறந்தது! எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு விநாடி இருக்கும். சரிவில் இறங்கித் தெருத் தண்ணீரில் சக்கரத்தின் அடி முழுக, மழையில் நனைந்துகொண்டே நாலு வீடு தூரம் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். கோவிந்தராசு வீடு அது, லோடு வண்டி வைத்திருப்பவர். இரண்டு வருடமாகத் தெருவில் பார்க்காத டீச்சரை வாசலில் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லையாம். "அவருக்கு நெஞ்சு வலி. வண்டியை எடுங்க" என்றாராம், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கும்பகோணத்தில் சேர்த்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றாராம் டாக்டர்.

கைதட்டுங்கள், தட்டுங்கள்! அந்தத் தட்டலுக்கு உரியவர்கள் இரண்டு பேருமே உயிரோடு இருக்கிறார்கள்!

பாயைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "காலம் பூரா நான்தான் அவளைத் தூக்கணும்னு நெனச்சிருந்தேம்மா. அவ போயி எனக்கு ஆள் கூட்டிட்டு வந்தா" என்றார். டீச்சர், கூடத்தில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று நான் கேட்பேன் என எதிர்பார்த்தவர் போல, "தெருத் தண்ணி சொட்டுக்கூட வரல அக்கா" என்றார்.

டீச்சர் பள்ளிக்குச் சம்மதம் சொல்லியிருந்தார், ஜூன் மாதம் பள்ளி திறந்தது. தெரு முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பாய் உதவப் போகாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்திலேயே நின்றார். கதவு திறந்தது. நஃபீசா டீச்சர் மடியில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, தலைநிமிர்ந்து, தானாக, தனியாக வெளியே வந்தார். அந்தக் காட்சிக்கு முன்னால் நான் இழைத்த எந்தக் கதவின் பளபளப்பும் நிற்காது அவையோரே!

எது நல்ல கதவு என்று கேட்ட தம்பி எங்கே? தேக்கு நல்ல கதவுதான், ஃபைபர் நல்ல கதவுதான், இரும்பும் நல்ல கதவுதான். காவல் காக்கட்டும், மழையைத் தடுக்கட்டும், அழகாய் நிற்கட்டும். ஆனால் அந்த வீட்டில் குடியிருக்கிற கடைசி ஆள் வரைக்கும் தன் கையால் திறக்க முடிகிறதா? முடிந்தால் அது கதவு! முடியாவிட்டால் எத்தனை விலை உயர்ந்த மரமானாலும் அது சுவர்!

நஃபீசா டீச்சர் இன்று இந்த விழாவுக்கு வந்திருக்கிறார். எங்கே என்று திரும்பிப் பார்க்கிறீர்கள். அதோ, பக்கத்துச் சுவரோரம். ஏன் அங்கே இருக்கிறார் தெரியுமா? கதவு செய்கிறவர்களின் சங்கம் கட்டிய இந்த மண்டபத்துக்கு முன்வாசலில் நாலு படி! தூக்கிவிட நம் ஆட்கள் ஓடினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பந்திக்குச் சாமான் கொண்டுபோகிற பின்பக்க வழியாகச் சுற்றி வந்து அமர்ந்திருக்கிறார்.

தலைவர் அவர்களே, வெட்கத்தோடு கேட்கவில்லை, உரிமையோடு கேட்கிறேன். அந்த நாலு படியை உடைக்க நாளைக் காலை ஏழு மணிக்கு நானும் இராஜாங்கமும் வருகிறோம். சரிவு போடுவது எங்கள் பொறுப்பு, கதவு எங்கள் அன்பளிப்பு. யார் யார் கூட வருகிறீர்கள்? கை தூக்குங்கள்! ஒன்று, பத்து, முப்பது... அடேயப்பா, தலைவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்!

போதும். இந்த மகிழ்ச்சி போதும் எனக்கு. பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், வாய்ப்பளித்த சங்கத்துக்கும், பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும் சமையல்காரர்களுக்கும் என் நன்றி. நாளைக் காலை கடப்பாரையோடு சந்திப்போம். வணக்கம்!