என் மனைவிக்குக் கொடுத்த மாத்திரை

மேலே எழுதப்பட்டுள்ள பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் என்னுடையவைதாம். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. வாகன உதிரிபாகக் கடையில் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்த வண்டிக்கு எந்தப் பாகம், அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைப் பார்க்காமலே சொல்வேன். அதனால் கடையில் என்னை 'டைரக்டரி' என்றுதான் கூப்பிடுவார்கள். காவல் நிலையத்துக்கு நானாகவே வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

என் மனைவி பெண்கள் தையல் கடையில் துணி வெட்டும் வேலை செய்கிறாள். அவளுடைய தாயார் மறதி நோயோடு பல வருடங்கள் எங்கள் வீட்டில் இருந்து இறந்துபோனார். கடைசிக் காலத்தில் அவர் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார் என்பதால், என் மனைவி வேலைக்குப் போகும்போது அவரை மெத்தென்ற துணியால் கட்டிலோடு கட்டிவிட்டுப் போவாள். அந்த நோய் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு உண்டு. நான் அவளை விளையாட்டாக 'மறதி' என்று கூப்பிடுவேன். பீரோ சாவி எங்கே, யார் கல்யாணம் எந்த வருடம் என்று எது வந்தாலும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் சொல்வேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்து வந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் ஓர் ஆராய்ச்சி மையத்தின் விளம்பரத்தைப் பார்த்தேன். மறதி நோய்க்கான புதிய மருந்து ஒன்றை நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போவதாகவும், அதற்குத் தன்னார்வலர்கள் தேவை என்றும் போட்டிருந்தது. சேர ஆசைப்பட்டவன் நான். என் ஞாபகசக்தியை டாக்டர்களும் பார்க்கட்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. துணைக்கு மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். இரத்த அழுத்தம் அதிகம் என்று என்னை முதல் அறையிலேயே கழித்துவிட்டார்கள். அதன் பின்பு அங்கிருந்த டாக்டரம்மா என் மனைவியிடம், "நீங்க சேர்றீங்களா?" என்று கேட்க, அவள் என் பக்கம் திரும்பாமலே "சேர்றேன்" என்றாள்.

பாதிப் பேருக்கு மருந்தும், மீதிப் பேருக்குப் பார்க்க அதைப் போலவே இருக்கும் வெறும் மாவு மாத்திரையும் கொடுப்பார்கள் என்றும், யாருக்கு எது என்பது ஆய்வு முடியும்வரை டாக்டருக்கே தெரியாது என்றும் விளக்கினார்கள். அதன் பின்பு வாராவாரம் அவளை ஞாபகச் சோதனைக்கு அழைத்துப் போய் நான் நடைக்கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்கும். என்ன சிரிப்பு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் சரியா சொல்லிட்டேன்" என்பாள். நான் சோதனை எழுதியிருந்தால் அதைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன் என்று அவளிடம் சொன்னேன். "சொல்லியிருப்பீங்க" என்றாள்.

அதன் பின்பு வீட்டில் சிறிது சிறிதாக மாற்றம் தெரிந்தது. அவள் என்னிடம் சாவி கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கொழுந்தியாளும் சகலையும் சாப்பிட வந்திருந்தார்கள். சகலை வேலையில் சேர்ந்த வருடத்தை நான் சொன்னேன். என் மனைவி பரிமாறிக்கொண்டே, "இல்லீங்க, அதுக்கு அடுத்த வருஷம். அவர் சேர்ந்த அன்னைக்கு நீங்க காய்ச்சலா படுத்திருந்தீங்க" என்றாள். சகலை யோசித்துப் பார்த்து அவள் சொன்னதுதான் சரி என்றார். அதோடு விடாமல், "என்ன அண்ணே, டைரக்டரிக்குப் புதுப் பதிப்பு வந்துடுச்சு போல!" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

அதற்கு மறுநாள் அவள் மேசைமேல் வைத்த துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து ஃபிரிட்ஜில் காய்கறிக்கு அடியில் வைத்தேன். அவள் வீடு முழுக்கத் தேடிக் கடைசியில் அதைக் கண்டெடுத்து, கதவைக்கூட மூடாமல் நின்றாள். அதன் பின்பு அவளுடைய மூக்குக் கண்ணாடியையும் ஒற்றைச் செருப்பையும் இடம் மாற்றினேன். அவள் சொல்லாததைச் சொன்னதாகவும், சொன்னதைச் சொல்லவில்லை என்றும் சாதித்தேன். பிறகு ஒரு நாள் அவள் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தபோது, பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிப் பற்றவைத்து, புகை வரும்வரை பக்கத்திலேயே நின்றேன். அதன் பின்பு, "ஏய், பாலை வச்சிட்டு எங்க போனே?" என்று சத்தம் போட்டேன்.

அவள் ஓடிவந்து கரிந்த பாத்திரத்தைப் பார்த்தாள். பின்பு தரையில் உட்கார்ந்து, "ஏங்க, எனக்கு முத்திப்போச்சுன்னா, எங்கம்மாவை நான் கட்டின மாதிரி என்னைக் கட்டிடாதீங்க. கதவை மட்டும் பூட்டிட்டுப் போங்க" என்றாள். "நான் இருக்கேன்ல" என்று சொல்லி அவளைத் தூக்கி நிறுத்தினேன். உண்மையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று அவள் மறுபடியும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன் பின்பு அவள் நடந்ததையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். மருந்து மூளையைப் பாதிக்கிறதோ என்ற சந்தேகத்தில் அந்த ஆய்வை எல்லோருக்கும் நிறுத்திவிட்டார்கள். இந்த மருந்துக்காகக் காத்திருந்த நோயாளிகளின் பிள்ளைகள் மைய வாசலில் வந்து விசாரித்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. என் மனைவியை ஒரு வாரம் அங்கேயே தங்கவைத்துப் பரிசோதித்தார்கள். அங்கே அவள் எதையும் தொலைக்கவில்லை. எந்தச் சோதனையிலும் குறை இல்லை.

வீட்டில் மட்டும் ஏன் அப்படி நடக்கிறது என்று டாக்டரம்மா என்னை அவள் தங்கியிருந்த அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார். எனக்கு என்ன தெரியும் என்றேன். அப்போது கட்டிலில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "நான் இடக்கைக்காரி, நான் அடுப்புல வச்சா கைப்பிடி இடது பக்கம்தான் இருக்கும். அந்தப் பால் பாத்திரத்தோட கைப்பிடி வலது பக்கம் பார்த்து இருந்துச்சு. அன்னைக்குப் பதட்டத்துல தோணல, இங்க படுத்திருக்கும்போது அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு" என்றாள். அதன் பின்பு என்னைப் பார்த்து, "நீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையசைத்தேன்.

ஆய்வைக் கெடுத்ததற்காக மையத்தினர் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வு மீண்டும் தொடங்கிவிட்டது என்றும் அதில் என் மனைவியும் இருக்கிறாள் என்றும் அறிகிறேன். அவள் இப்போது தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். அவள் என்மேல் புகார் எதுவும் கொடுக்கவில்லை. நேற்று அங்கே போய், எல்லாவற்றையும் மறந்துவிட்டு வீட்டுக்கு வரும்படி கேட்டேன். அந்த மாத்திரை வந்துதான் நம்மைக் கெடுத்தது என்றும் சொன்னேன். அவள் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்று, "மாத்திரையைச் சொல்லாதீங்க. எனக்கு முன்னாடியும் எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. சொல்றதுல உங்களுக்கு ஒரு சந்தோஷம், சரி சொல்லட்டும்னு விட்டுடுவேன்" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

அவள் சொன்னது நிஜமா, கோபத்தில் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குக் கொடுத்தது மருந்தா, மாவு மாத்திரையா என்று மையத்தில் விசாரித்துச் சொல்லும்படி காவல் ஆய்வாளர் ஐயாவைக் கேட்டேன். வழக்குக்கு அது தேவையில்லை என்றார். எனக்குத் தேவை. மாவு மாத்திரையாக இருந்தால் அவள் சொன்னது நிஜம்; அப்படியானால் இத்தனை வருடமும் அவள் என் முகத்தைப் பார்த்தது எதற்காக என்று எனக்குத் தெரிய வேண்டும். இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)