மூச்சு மெஷினுக்கு ஊற்றிய தண்ணீர்

தண்ணீரில் இத்தனை ரகம் இருக்கிறது என்று அறுபது வயதுவரை எனக்கும் தெரியாது, மேடம். குழாயில் வருவது ஒன்று, மழைக்குத் தோங்குப் பீப்பாயில் நிறைவது ஒன்று. குடிக்க வேண்டுமென்றால் அவித்துக் குடிப்போம். என் வீட்டுக்காரருக்கு அந்த மெஷின் வந்த பிறகுதான் மற்றதெல்லாம் கற்றுக்கொண்டேன்.

மேசைமேல் வைத்திருக்கிறீர்களே இரண்டு பாட்டில், இரண்டும் நல்ல தண்ணீர்தான். அதைச் சோதனைக்கு அனுப்பி நாளை வீணாக்க வேண்டாம். மருந்துக்கடைப் பெண் நிரோஷாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன், மூக்கெல்லாம் சிவந்துபோய் அழுதுகொண்டிருக்கிறாள். என் மகன் வசந்தன்தான் அவள்மேல் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறான், கெட்டுப்போன தண்ணீரை விற்று அப்பாவைக் கொன்றுவிட்டாள் என்று. அவன் ஆத்திரக்காரன், விவரம் தெரியாமல் பேசுகிறான். அந்தப் பெண்மேல் ஒரு குற்றமும் கிடையாது. அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். நான் ஆறுமுகத்தின் மனைவி பஞ்சாலை. எழுத வேண்டியதை நான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும். குறட்டை விட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று சத்தம் அடங்கிவிடும். நான் எண்ணுவேன். பதினைந்து, பதினாறு, பதினேழு. இருபது தாண்டினால் தோளைப் பிடித்து உலுக்குவேன். திணறிக்கொண்டு மறுபடி மூச்சு விடுவார். மெஷின் வருவதற்கு முன்னால் பல வருஷம் அந்த வேலையை நான்தான் பார்த்தேன். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. "ராத்திரி நல்லா தூங்கினேன் பஞ்சா" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வசந்தன் அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தான். மூக்குக்கு ஒரு முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், பக்கத்தில் சின்னத் தண்ணீர்த் தொட்டி. தொட்டித் தண்ணீர் சூடாகி, ஈரக்காற்றாக உள்ளே போகும். இல்லாவிட்டால் தொண்டை காய்ந்துவிடும். ஆயேர் சூலிங்தான், அதாவது டிஸ்டில்ட் தண்ணீர்தான், ஊற்ற வேண்டும் என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி. அப்படியென்றால் என்ன என்று எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு பெரிய பேச்சே நடந்தது. கோயில் கமிட்டிச் செயலாளர் சுகுமாறன், "அண்ணே, டிஸ்டில்ட்னா பேட்டரித் தண்ணிதான்லா. லோரிக்கு ஊத்துறோமே, அதே சாமான்தான்" என்று பட்டறையிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இவரும் சரி என்று தலையாட்டினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கெமாஸ் டவுனுக்குப் போய் நிரோஷாவிடம் காட்டினேன். "ஆன்ட்டி, இது கார் பேட்டரிக்கு. மனுசன் மூச்சுக்கு இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு அவித்த தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் கெட்டில் அடியில் படிவது மாதிரி வெள்ளையாகப் படிந்துவிட்டது. கடைவரிசையில் காசு போட்டுப் பிடிக்கிற மெஷின் தண்ணீரையும் பார்த்தேன். கடைசியில் நிரோஷா விற்கிற பாட்டில்தான் சரி என்று தெரிந்தது. காலையில் மிச்சத்தைக் கொட்டி, தொட்டியைக் கழுவி, நிழலில் காயவைப்பேன். சாயங்காலம் கோடுவரை நிரப்புவேன். மூன்று வருஷத்தில் நான் வீட்டில் இருந்த ஒருநாளும் தவறியதில்லை. அவரோ கடையில் வாங்கின ரொட்டியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஆனால் நான் நிரப்பின தொட்டியை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. "ஊத்திட்டியா?" என்பார். "ஊத்திட்டேங்க" என்பேன். கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக்கொள்வார்.

இப்போது என் மகள் ரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்தனுக்கு மூத்தவள். தொண்ணூற்றொன்றில் காய்ச்சலில் போய்விட்டாள், நாலு வயசு. சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, தோட்டத்து இடுகாட்டில் புதைத்தார்கள். எங்கள் பக்கம் பொம்பளைகள் பிணத்தோடு காட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. வாசலோடு நிறுத்திவிட்டார்கள். இவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினாறாம் நாள் இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இனி நீ இல்லாம நான் அவகிட்ட போக மாட்டேன். போனா ரெண்டு பேரும்தான்" என்று சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். மாதம் ஒருமுறை சேர்ந்து போவோம். புல் பிடுங்குவார், நான் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் போனது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தினேன் என்றுகூடச் சொல்லலாம்.

போன வருஷம் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ரப்பரை வெட்டிவிட்டு சோலார் பலகை பதிக்கப் போகிறார்களாம். இடுகாட்டிலுள்ள நாற்பத்தொரு குழியையும் தோண்டி எடுத்து இடத்தைக் காலிசெய்து கொடுத்துவிட வேண்டும் என்று கம்பெனி கேட்டது. என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர், கோயில் தலைவர். அதனால் கணக்கெடுக்கும் வேலை அவரிடம் வந்தது. "நம்ம புள்ளய எப்ப எடுக்கிறாங்க?" என்று இரண்டு தடவை கேட்டேன். "இன்னும் நாள் இருக்கு" என்றார்.

அந்தச் சமயம் சிரம்பான் பக்கம் ராசாவில், வசந்தன் மகளுக்குக் காது குத்து. கிளம்புகிற அன்று, "மேலுக்கு முடியல, நீ மட்டும் போயிட்டு வா" என்றார். பேத்திக்குக் காது குத்தும்போது தாத்தா வராமல் இருப்பாரா என்று சம்பந்தி வீட்டில் குறைப்பட்டார்கள். நான் அவருக்காகப் பரிந்து பேசினேன். நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். மேசையைத் துடைக்கும்போது பட்டியல் கிடைத்தது. பதினேழாம் நம்பர், ரதி, தகப்பன் பெயர் ஆறுமுகம். உரிமை கோருபவர் என்ற கட்டத்தில் தியாடா வாரிஸ் என்று எழுதியிருந்தது. வாரிசு இல்லை. கீழே கையெழுத்து அவருடையது. நான் ஊரில் இல்லாத சனிக்கிழமைத் தேதி.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். நம்ப வைத்துக் கழுத்தறுத்தவனிடம் என்ன கேட்பது, மேடம். பெற்ற தகப்பன் உயிரோடு உட்கார்ந்து என் பிள்ளையை யாருமில்லாத அநாதை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். மற்ற எலும்போடு அள்ளி ஒரே குழியில் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். பூச்செடிக்கு வழக்கமாகக் கொண்டுபோகும் பெரிய பாட்டிலை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்கு நடந்தேன். செடி இல்லை. மூன்று நாள் மழையில் குழியெல்லாம் நிரம்பிக் கிடந்தது. பதினேழாம் நம்பர் குச்சி நட்டிருந்த குழியில் முழங்கால் அளவு தண்ணீர். பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டு அந்தத் தண்ணீரை நிரப்பினேன். அடுத்து வந்த நாட்களிலும் போய் இன்னும் ஆறு பாட்டில் நிரப்பிக்கொண்டேன்.

பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தெளியவைத்தால் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. வாரிசு இல்லாத பிள்ளை தகப்பனிடமே போகட்டும், அவருக்குள்ளே போய் உட்காரட்டும் என்றுதான் ஊற்றினேன். தண்டிக்கிற எண்ணமெல்லாம் அப்போது இல்லை. "ஊத்திட்டியா?" என்று கேட்டார். "ஊத்திட்டேங்க" என்றேன். அது பொய்யும் இல்லை.

ஐந்தாவது வாரம் இருமல் வந்தது, பிறகு காய்ச்சல். சிரம்பான் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தார். நுரையீரலில் கிருமி என்றார் டாக்டர். மெஷினுக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். நிரோஷா கடைத் தண்ணீர் என்றேன். அந்த இடத்தில்தான் அந்தப் பெண்ணுக்குத் தீங்கு செய்துவிட்டேன். அது ஒன்று என் மனதை உறுத்துகிறது.

கொஞ்சம் தேறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பஞ்சா, ஒன்னு சொல்லணும். புள்ளய எடுத்துட்டேன். வாரிசுன்னு போட்டா அப்பா அம்மா ரெண்டு பேரும் குழிகிட்ட நிக்கணும்னு சொன்னானுங்க. நீ தாங்க மாட்டே. யாரும் இல்லன்னு போட்டா கோயில் தலைவர் கையில கொடுப்பாங்க. அதான் அப்படிப் போட்டேன். நானே எறங்கி, என் கையால எடுத்தேன். ரஹாங் பக்கம் நல்ல எடமா பாத்து வச்சிருக்கேன். எந்திரிச்சதும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கொலுசு இருந்துச்சு. அவகூடவே வச்சிட்டேன்."

அவ்வளவு நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு என்று தெரிந்துவிட்டது. அவர் பிள்ளையைக் கைவிடவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கிறீர்கள், அங்கேயே நான் திருந்தியிருப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். நானும் எதிர்பார்த்தேன். அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன், கஞ்சி ஊட்டினேன். மறுநாள் அவருக்குத் தெரியாமல் கிராப் கார் பிடித்து ரஹாங் போனேன். சின்னக் கருங்கல் நட்டிருந்தார். ரதி, தாய் பஞ்சாலை, தந்தை ஆறுமுகம் என்று செதுக்கியிருந்தது. என் பெயரை முதலில் போட்டிருந்தார். அங்கே கூட்டிப் பெருக்குகிற மாரியம்மா என்கிற பெண், "ஐயா வந்தா ஒரு மணி நேரம் உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாரும்மா. சிரிப்பாரு, அழுவாரு. முடியாம படுத்துட்டாரா, ஆளையே காணோம்?" என்று கேட்டாள்.

ஒரு மணி நேரம் பேசுவாராம். எத்தனை தடவை என்று கேட்டேன். ஆறேழு தடவை என்றாள். மார்க்கெட்டுக்குப் போகிறேன், கமிட்டிக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அதுதான். முதல் தடவை புதைக்கும்போதும் அவர்தான் பார்த்தார். இரண்டாவது தடவை தோண்டி எடுக்கும்போதும் அவர்தான் பார்த்தார், கொலுசைத் தொட்டார். கொலுசைக்கூட என் கண்ணில் காட்டவில்லை. பத்து மாதம் சுமந்தவளுக்கு வாசலில் நிற்பதும் காது குத்துக்குப் போவதும்தான் மிச்சம். அநாதை என்று எழுதியதையாவது மன்னித்திருப்பேன். இதை மன்னிக்க என்னால் ஆகவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். அவருடைய நுரையீரல் இனிமேல் தாங்காது, சுத்தமான தண்ணீர் மட்டும்தான், தவறினால் உயிருக்கு ஆபத்து என்றார். எனக்கு நன்றாகவே புரிந்தது. வசந்தன் புதுத் தொட்டி வாங்கிக் கொடுத்தான். வரும் வழியில் நிரோஷாவிடம், உங்கள் மேசைமேல் இருக்கிற இந்த இரண்டு பாட்டிலையும் வாங்கினோம். அதில் ஒன்று பாதி குறைந்திருக்கிறதே, அது நான் துளசிக்கு ஊற்றியது. மெஷினுக்கு ஒரு சொட்டு போகவில்லை.

இடுகாட்டை அதற்குள் மண் போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் குளியலறைக்குப் பின்னால் என்னிடம் அந்தக் குழித் தண்ணீர் இரண்டு பாட்டில் மிச்சம் இருந்தது. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், புதுத் தொட்டியைக் கழுவித் துடைத்து அதைக் கோடுவரை ஊற்றினேன். அன்றைக்கு மட்டும் அவர் கொஞ்சம் தயங்கினார்.

"டாக்டர் சொன்ன தண்ணிதானே பஞ்சா?"

"ஆமாங்க" என்றேன். மாட்டிக்கொண்டார்.

எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். முதல் தடவை ஊற்றியபோது அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாம் தடவை அதற்குத்தான் ஊற்றினேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மிச்சம் ஒரு பாட்டில் இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஆளை அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

வசந்தன் காரணம் கேட்பான். நான் சொன்னதை அவனிடம் சொல்லுங்கள். குழி தோண்டுகிற அன்று அப்பா கூப்பிட்டிருந்தால் நீங்கள் போயிருப்பீர்களா அம்மா என்றுதான் அவன் முதலில் கேட்பான், அவனுக்கு என்னைத் தெரியும். போயிருக்க மாட்டேன். குழியைத் தோண்டும்போது பக்கத்தில் நின்று என் பிள்ளையின் எலும்பைப் பார்க்கிற தைரியம் எனக்கு என்றைக்கும் கிடையாது. அழுது புரண்டு, "நீங்களே போய் எடுத்துட்டு வாங்க, எங்கிட்ட எதையும் காட்டாதீங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

ஆனாலும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்.