அக்கம்பக்கம் இல்லாத ஊர்

— இதுவும் பாத்ரூமா? அடியே மோரோலா, இது மூணாவதுடி.

— இது வர்ற போற விருந்தாளிங்களுக்குக்கா.

— லாகோஸ்ல, நம்ம முஷின் பேட்டையில வாளியைத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னவ நீ. உனக்கு முன்னாடி வசியுவோட அம்மா உள்ள போனா, அவ பாடி முடிக்கிறதுக்குள்ள வெயில் ஏறிடும். இங்க திருகினா சுடுதண்ணி. லாகோஸ் சந்தையில துணி விக்கிற எனக்கு, உன் புருஷன் லான்ரே மாதிரி ஒருத்தன் அகப்படலையே.

— உக்காருக்கா. பஸ்ல அவ்வளவு தூரம் வந்திருக்க. நீ கொண்டாந்த ரொட்டியை அறுக்கவா?

— அறு. உங்க அபுஜாவுல இந்த ரொட்டி கிடைக்காதாமே?

— கிடைக்கும். அதைத் தலையில வச்சுக் கூவிக்கிட்டு வர்றவதான் இல்ல.

— ஊரும் என்ன ஊருடி. ரோடு ஒவ்வொண்ணும் விமானம் இறங்குற அகலம். நம்ம லாகோஸ் மாதிரி ஒரு மஞ்சள் வேன்கூட குறுக்க பாயல, ஒருத்தனும் என் அப்பனை இழுத்துத் திட்டல. நுழையும்போதே ஒரு மொட்டைப் பாறை தெரிஞ்சுது. அதைக்கூட யாரோ துடைச்சு வச்ச மாதிரி இருக்கு.

— படம் போட்டுட்டு அப்புறமா கட்டின ஊருக்கா. வீட்டுக்கு இடம் விட்டாங்க, மரத்துக்கு விட்டாங்க, காருக்கு விட்டாங்க. சும்மா நின்னு பேச இடம் விடல.

— கேளு இவ பேச்சை. நடையில நின்னு பேசுறாளுங்க, அடுப்புப் புகை, ரேடியோ, ஜெபம்னு தலையில அடிச்சுக்கிட்டவ யாரு?

— நான்தான்.

— ஒரே நீள நடை, ரெண்டு பக்கமும் கதவு, கதவுக்கு ஒரு குடும்பம். எதிர்க்கதவுக்காரி வந்து உன் குழம்புல உப்பு பத்தலைன்னு சொன்னதுக்கு என்கிட்ட வந்து அழுத.

— ஆமா. அழுதேன்.

— அப்ப இங்க என்னடி குறை?

— அக்கா, நீ ஒரு மாசம் இங்கயே இரேன். அந்தக் கோடி ரூம் சும்மாத்தான் கிடக்கு.

— ஒரு மாசமா? கடையை யார் பார்ப்பா? நாளைக்கு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்.

— அப்ப உன் மூத்தவளையாவது அனுப்பு. இல்ல, வேற யாராவது. யாரா இருந்தாலும் சரி.

— பேச்சுத்துணைக்கு ஆளா இல்ல? பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசு.

— பக்கத்து வீட்ல யார் இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி போட்ட கார் ஒண்ணு போகும், வரும். கேட் திறக்கும், மூடும். மதிலைப் பாரு, ரெண்டு ஆள் உசரம். அதுக்கு மேல கம்பி. வேணும்னா நீ கூப்பிட்டுப் பாரேன்.

— என்னன்னு கூப்பிட?

— சந்தையில கூப்பிடுவியே, அப்படி. ஜன்னலைத் திறந்துட்டேன். முஷின்ல உன் தொண்டைக்கு மூணு தெரு எட்டிப் பார்க்கும்.

— பைத்தியமாடி உனக்கு. சரி, தள்ளிக்க. ஏங்க, பக்கத்து வீட்டுக்காரங்களே! யாராச்சும் இருக்கீங்களா?

— இன்னும் சத்தமா.

— ஐயோ, யாராச்சும் ஓடி வாங்களேன்! என்னடி இது, ஒரு நாய்கூடக் குரைக்கல.

— குரைக்காது.

— இரு இரு, ஒருத்தன் ஓடி வர்றான் பாரு. காக்கிச் சட்டை.

— நம்ம வாட்ச்மேன்தான்க்கா. தன்லாமி.

— மேடம், மேடம், என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல தம்பி. நான் இவளுக்கு அக்கா, லாகோஸ்காரி. சும்மா விளையாட்டுக்குக் கத்தினேன்.

— அல்லாவுக்கு நன்றி. புதுக் குரலா இருக்கேன்னுதான் ஓடி வந்தேன். அல்லா மேல ஆணையா, எங்க மேடம் குரலா இருந்தா வந்திருக்க மாட்டேன்.

— அவ குரலா இருந்தா ஏன் வர மாட்ட?

— அது வந்து... ஐயா வீட்டு விஷயம் மேடம். உள்ள வந்தா வேலை போயிடும்னு ஐயா சொல்லியிருக்காரு. சத்தம் கேட்டா ரேடியோவைக் கூட்டி வச்சுக்குவேன். எனக்கும் பிள்ளைங்க இருக்கு, மேடம்.

— எந்தச் சத்தம்?

— நீ போ தன்லாமி. போய் கேட்டைப் பாரு.

— மன்னிச்சுக்குங்க மேடம்.

— மோரோலா. என்னைப் பாரு.

— ரொட்டி காயுது, மூடி வைக்கறேன்.

— ரொட்டியை விடுடி. எத்தனை நாளா நடக்குது?

— வந்த ரெண்டாம் மாசத்துலேருந்து.

— பசங்களுக்குத் தெரியுமா?

— அவங்க ரூம் மாடியில, கதவும் கனமான கதவு. தெரியாதுன்னுதான் நினைச்சேன். இப்பல்லாம் அவர் கார் சத்தம் கேட்டா சின்னவன் ஷூவை எடுத்து மாட்டிக்கிறான்.

— துணியை எடுத்து வை. பசங்க ஸ்கூல் விட்டு வந்ததும் கிளம்புறோம். நாளைக்கு எடுத்த டிக்கெட் கிடக்கட்டும்.

— உன் வீட்ல ஏற்கனவே இடமில்லையேக்கா.

— இல்லதான். நெருக்கிப் படுத்துக்கலாம்.

— அவர் போன் பண்ணா?

— நான் பேசறேன். ஆனா எனக்கு ஒண்ணு புரியலடி. முஷின்ல பன்னெண்டு வருஷம் உன் மேல ஒரு விரல் பட்டதில்ல. தங்கமான மனுஷன்னு ஊரெல்லாம் நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இங்க வந்து அவனுக்கு என்னதான் ஆச்சு?

— ஒண்ணும் ஆகலக்கா. அங்கயும் அவர் இதே மனுஷன்தான். அவருக்கும் எனக்கும் நடுவுல பதினாறு குடும்பம் இருந்துச்சு.