லார்ன் ரூனி ஏன் நம் ஊருக்கு ஆடவில்லை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பாதிரியார் மெக்வீ அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஹாக்கிச் சங்கப் பெரியோர்களே, துணையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி எடித் ரூனி அவர்களே, மர அறுப்பு மில் தோழர்களே, டன்பார் ஊர் மக்களே!

ஐஸ் ஹாக்கி ஆடிக் கூலி வாங்கலாம் என்று இந்த நாட்டில் முதலில் துணிந்த சிலரில் ஒருவர் நம் லார்ன் ரூனி. வடக்கே வெள்ளிச் சுரங்க ஊரில் தோள் எலும்பு முறிந்த பிறகும், இடுப்பு வாரால் கையைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கையில் மட்டை பிடித்து வெற்றி கோலை அடித்தவர்! பசிபிக் கரை வரை போய் ஆடிய மாவீரர்! எந்த ஊருக்கெல்லாமோ ஆடினாரே, பிறந்த ஊருக்கு ஏன் ஆடவில்லை? அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

இருபது வருடங்களுக்கு முன் மில் மூடிக் கிடந்த குளிர்காலம். மிச்சிகன் செம்புச் சுரங்க ஊரில் வேறு பெயரில் மூன்று ஆட்டம் ஆடி, கூலி வாங்கி வந்தார் ரூனி. எனக்கு மட்டும்தான் சொன்னார். "எக்டர், வீட்டுல அடுப்பு எரியணுமேடா" என்றார். கூலிக்கு ஆடியவன் ஊர் அணியில் ஆடக்கூடாது என்பது, நமக்கெல்லாம் மேலே டொரொன்டோவில் இருக்கும் தலைமைச் சங்கத்தின் சட்டம். யாரோ பெயர் போடாமல் எழுதிப் போட்டார்கள், ஆயுள் தடை வந்தது என்றுதானே இதுவரை பேசிக்கொண்டிருக்கிறோம்?

அந்த யாரோ நான்தான். ஆம், இந்த எக்டர் பெல்தான்! ஆடுவது ஏழு பேர். அந்த வருடம்தான் ரூனியை முதன்முதலாக ஊர் அணிக்கு எடுத்திருந்தார்கள்; அவர் இருந்தால் நான் எட்டாவது ஆள். ஒரு ஆட்டம்கூட ஆடுமுன் அவருக்குத் தடை வந்ததும் அந்த இடத்தில் நான் ஆடினேன், கோப்பை வாங்கினேன், நம் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவரும் ஆனேன்.

உட்காருங்கள் ஐயா, திட்டுவதற்கு இன்னும் இருக்கிறது. முழுதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

தடைக்குப் பிறகு ரூனி வெளியூர்களில் கூலிக்கு ஆடப் போனார். தடைபட்டவனோடு சேர்ந்து ஆடினால் நமக்கும் தடை. அதனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் ஊர் வந்து ஏரிப் பனியில் கால் வைத்ததுமே நாம் எல்லோரும் கரையேறினோமே, மறந்துவிட்டோமா? "எனக்கென்னடா, அம்மையா போட்டிருக்கு?" என்று சிரித்தார். முதல் வருடம் அந்தச் சிரிப்போடு நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"எக்டர், எனக்கு எழுத்து சரியா வராது. தடையை எடுக்கச் சொல்லி ஒரு கடுதாசி எழுதுடா. கால் நல்லா இருக்கும்போதே நம்மூருக்கு ஒரு ஆட்டம் ஆடிரணும்."

எழுதினேன். உருகி உருகி எழுதினேன். ஆனால் அதே கையெழுத்து டொரொன்டோவில் ஏற்கெனவே ஒரு புகாரில் இருக்கிறதே! அனுப்பினால் அகப்பட்டுக்கொள்வேன். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மறு வருடம் வந்தார். "பதில் வந்துச்சா?"

"இல்லைப்பா."

"பெரிய எடத்து ஆளுங்க, வேலை இருக்கும். இன்னொண்ணு எழுது."

இப்படிப் பதினோரு வருடம்! பிறகு முழங்கால் போய், ஊரோடு வந்து, நம் அரங்கத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பனி உறைய வைக்கும் வேலை பார்த்தார். அந்தத் தளத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. போன மாதம் நிமோனியாவில் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். எடித்திடம் சொன்னார்: "எக்டருக்கு டீ குடு. ஊர்ல எனக்காக அலைஞ்சவன் இவன் ஒருத்தன்தான்."

அந்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை!

எடித், கடிதங்கள் பதினொன்றும் இதோ இந்தக் கோட்டுப் பையில் இருக்கின்றன. உங்களிடம் சேர வேண்டியவை. மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, கேட்கவில்லை.

ஊராரே! தலைவர் பதவியை இந்த மேடையிலேயே விடுகிறேன். அவர் தொடங்கியும் முடியாமல் போன பணி ஒன்று நமக்கு இருக்கிறது. ரூனியின் தடையை நீக்கி, டன்பார் ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கும்படி பன்னிரண்டாவது கடிதம் எழுதுவோம். புகார் கொடுத்தவன் இவன்தான் என்று முதல் வரியிலேயே என் பெயரைப் போடுங்கள். அதன் கீழே ஊர் மொத்தமும் கையெழுத்திடுங்கள். தபாலில் போட மட்டும் என்னிடம் கொடுத்துவிடாதீர்கள்.