எங்கூட்டுத் தண்ணி

அட, நீங்களும் பாட்டல்லயே தண்ணி கொண்டாந்துட்டீங்களா அம்மிணி? தண்ணியச் சோதிக்க வந்தவிங்களே எங்க தண்ணியக் குடிக்க மாட்டேங்கறீங்க, அப்பறம் என்னத்துக்குங்க சோதனை! இல்லீங்க, வெளையாட்டுக்குச் சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. எங்க பக்கம் ஆரு ஊட்டுக்குள்ள கால வெச்சாலும் மொதல்ல ஒரு சொம்புத் தண்ணிய நீட்டிப்போடுவோம். கை தானா நீளுது. அந்தச் சொம்பு அங்கயே இருக்கட்டும். உங்க தண்ணியவே குடிங்க, வெய்யல்ல வந்திருக்கீங்க.

கொழாயக் கொஞ்ச நேரம் தொறந்து உடோணுங்களா? இந்தா, உட்டாச்சு. நா விடியால எந்திரிச்சு தொட்டியில இருந்து புடிச்சு வெச்சிருந்தனுங்க, அது ஆகாதா? செரி செரி, நேராவே புடிங்க. பக்கத்தூட்டு செங்கோடன் இருக்கறானே, இப்ப வண்டியில உங்களப் பாத்துக்கிட்டே போனானே மீசக்காரன், அவனேதான். அவன் நேத்தே வந்து காதக் கடிச்சுட்டுப் போனான். தங்கசாமி, தண்ணி எடுக்க வாராங்களாம், கேன் தண்ணிய ஊத்திக் குடுத்துரு, இல்லாட்டி ஊரு பேரே கெட்டுப்போயிரும்னு. அவனுக்கு ரோட்டோரத்துக் காட்ட சைட்டுப் போட்டு விக்கோணும். தண்ணி கெட்டதுன்னா ஆருங்க வாங்குவா? அதெல்லாம் முடியாது, எங்கூட்டுக் கொழாய்த் தண்ணியத்தான் குடுப்பேன்னுட்டேன். மூஞ்சியத் தூக்கிட்டுப் போயிட்டான்.

கேன் தண்ணிக்கு என்னுங்க பஞ்சம், அங்க பாருங்க, மூணு கேனு நெறஞ்சு நிக்குது. நா ஒருத்தனுக்கு எதுக்கு மூணா? எனக்கில்லீங்க. நா கொழாய்த் தண்ணிதான். அது எம்புள்ள பிரீத்தி வந்தா ஆகுமேன்னு வாங்கி வெக்கறது. கட்டிக் குடுத்தது சேலத்துல, ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்கறா. மாப்பள பேங்குல இருக்கறாரு. ஒரு பையன், கௌதமன்னு பேரு, நாலு வயசாகுது. என்னைய அப்புச்சி அப்புச்சின்னு அவனாட்டக் கூப்புட ஆளே இல்லீங்க. போன்லதான். நேர்ல எங்கீங்க! அவனுக்கு எங்கூட்டுத் தண்ணி சேரலையாம். அதனால அவிங்க இங்க வாரதில்லீங்க.

இல்லீங்க, கேனு கெட்டெல்லாம் போகாது, வாரா வாரம் மாத்திப்போடுவேன். பழைய தண்ணி எருமைக்கு. எங்க எருமை மினரல் வாட்டர் தவுத்து வேறொண்ணு தொடாதுங்க. நேத்து உப்புத் தண்ணியக் காட்டுனா, என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. சிரிங்க, சிரிங்க. ஊரே சிரிக்குது.

நா சும்மா இருக்கலீங்களே. தீவாளிக்கு வா கண்ணுன்னேன், தண்ணி சேரலப்பான்னா. செரீன்னு பழைய போர இன்னும் ஆழத்துக்கு எறக்குனேன். தண்ணி என்னமோ வந்துச்சு, முன்ன இருந்ததுக்கு மேல உப்பா வந்துச்சு. மாரியாத்தா நோம்பிக்குக் கூப்புட்டேன், மறுக்காவும் அதே பேச்சு. செவத்துல மாட்டற ஃபில்டர் மிசினு வாங்கி மாட்டுனேன். அதுல சத்தெல்லாம் போயிருதாமப்பா, கொழந்தைக்கு எலும்பு புடிக்காதாமான்னா. அப்பறந்தான் இந்தக் கேனு. அதுக்கும் சொல்லீட்டா, கேனு வெய்யல்ல நின்னா பிளாஸ்டிக்கு எறங்குமாமா. என்ற புள்ள நெம்ப வெவரமுங்க. படிச்ச புள்ள. எதைய வாங்குனாலும் அதுல ஒரு கோளாறு கண்டுபுடிச்சுப்போடும்.

தண்ணியப் பத்தி எனக்கே சொல்லறா பாருங்க! நா ரிக்கு வண்டியில இருந்தவன். போர் போடற வண்டியில. ஆந்திரா, ஒரிசா, சத்தீஸ்கர்னு போகாத காடில்ல. அங்கெல்லாம் பாறையத் தொளச்சுத் தண்ணி மேல பீச்சியடிச்சா, ஊரே ஓடியாந்து சூடம் காட்டுமுங்க. வண்டிக்குப் பொட்டு வெச்சு, எங்களுக்கு மால போட்டு, அது ஒரு காலம். மழ புடிச்சா வண்டி நிக்கும். அப்பத்தான் எங்களுக்கு ஊடு.

பிரீத்தி அப்ப இத்தினியூண்டு. நா பையத் தூக்கிட்டு வாசல்ல வந்து நின்னன்னா, உள்ள ஓடிப்போயி சொம்பு நெறையத் தண்ணி கொண்டாருவா. ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு, வாங்க, தண்ணி குடிங்கம்பா. ஒறம்பரை விருந்தாளி வந்தா அப்படிச் சொல்லோணும்னு எங்கூட்டுக்காரி செல்லாயி பழக்கி வெச்சிருந்தா. அதைய அச்சு அசலா எனக்கும் சொல்லீட்டு, கதவுக்குப் பொறத்தால போயி நின்னுக்குவா. பெத்த அப்பனுக்கு என்னா மருவாதின்னு நானும் செல்லாயியும் உளுந்து உளுந்து சிரிப்போம். வவுறே வலிச்சுப்போகுமுங்க. செல்லாயி அப்பறம் சிரிக்கறத நிறுத்திப்போட்டா. எனக்கு வெளங்கல. நா சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன்.

பல்லுங்களா? வெத்தல கித்தல போடறதில்லீங்க. சின்னதுல இருந்தே இப்படித்தான், காவி புடிச்சாப்பல. எங்கூர்ல முக்காவாசிப் பேருக்கு இதே பல்லுத்தான். அதென்ன சொன்னீங்க, ஃபுளோரைடா? ஆமா, அதேதான். பல்லு மொளைக்கற வயசுக் கொழந்தைக்கு ஆகவே ஆகாதுங்களா? பாத்தீங்களா, பிரீத்தி சொன்னது செரியாப் போச்சு! அவளுக்குங்களா? அவளுக்கும் இருந்துச்சு, இந்தத் தண்ணியில வளந்தவதானுங்களே. சேலத்துல டாக்டருகிட்டப் போயி வெள்ளையாக்கிட்டா. போட்டோவுல பாத்தேன். அடையாளமே தெரீல.

இன்னும் வேற என்னென்ன பாப்பீங்க? ஈயமா? தண்ணியிலயா? பழைய பித்தளைக் கொழாயில இருந்துகூட எறங்குமா? அம்மிணி, இது எங்கப்பன் மாட்டுன கொழாயுங்க! குனிஞ்சு நல்லாப் பாருங்க. அப்பறம் அந்த மூலையில, வாழைக்கு அக்கட்டால, ரிக்கு வண்டிப் பேட்டரி ரெண்டு ஒடஞ்சு கெடக்குது பாத்தீங்களா? மழையில ஊறி ஊறிக் கெடக்குது. அதுக்குள்ள பூராவும் ஈயந்தானுங்களே? அது மண்ணுல எறங்குனா கொழந்தைங்க மூளைக்கே ஆகாதா? அட! அதையும் சேத்துக்குங்க, உட்டுறாதீங்க. பேட்டரிய எடுத்துப்போடறேன், கண்டிப்பா எடுத்துப்போடறேன். முடிவு வரட்டுமுங்க, பொறவு எடுத்துக்கலாம்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? சந்தோசமா இருக்கறனா? என்ற மூஞ்சியே அப்படித்தானுங்க.

இதென்ன டப்பா? காத்தயும் சோதிப்பீங்களா! ரேடானா? பேரு நல்லாத்தான் இருக்குது. பாறைக்குள்ள இருந்து வாருதா? வாசம் இருக்காது, நெறம் இருக்காது, தரையில இருக்கற வெடிப்பு வழியா வந்து ஊட்டுக்குள்ள உக்காந்துக்குமா? போர்த் தண்ணியோட சேந்தும் வாருமா? அது சேரச் சேர நெஞ்சுக்குக் கெடுதலா? கேக்கறதுக்கே பயமா இருக்குதுங்க. இந்த டப்பாவ எங்க வெக்கறதுன்னு சொல்லுங்க. இருங்க இருங்க, இந்த முன்னால ஆசாரத்துல வேண்டாம். உள் ரூம்புல வெக்கலாம், பிரீத்தி ரூம்பு. அவ வந்தா படுக்கறதுக்குன்னு கட்டுலு மெத்தையெல்லாம் போட்டு வெச்சிருக்கேன். பூட்டியே கெடக்குது. பூட்டிக் கெடந்தா அந்தக் காத்து சாஸ்தியாச் சேருங்களா? அப்ப அங்கயே வெய்ங்க. இந்தாங்க சாவி. தரையப் பாருங்க, எத்தன வெடிப்பு! நல்லாக் கீழ வெய்ங்க, தரைய ஒட்டி.

ஏனுங்க அம்மிணி சும்மா நின்னுட்டீங்க? என்ன கேட்டீங்க? எல்லாரும் தண்ணி நல்லா இருக்கோணும்னு வேண்டிக்குவாங்க, நீங்க ஏன் ஒவ்வொண்ணுக்கும் துள்ளறீங்கன்னா?

நீங்க கெட்டிக்காரிதானுங்க. செரி, உக்காருங்க. அந்தக் கட்டுலுலயே உக்காருங்க, பரவால்ல. ஆராச்சும் உக்காரட்டும்.

ராசிபுரத்துல இப்பத்தான் ஒரு கண்ணாலம் ஆச்சு, எங்க பங்காளி ஊட்டுது. பிரீத்தியும் பையனக் கூட்டிக்கிட்டு வந்திருந்தா. நல்லாப் பேசுனா, சாப்புட்டியாப்பான்னு கேட்டா, குத்தஞ் சொல்ல முடியாது. பந்தியில எனக்கு எதுத்தாப்பல உக்காந்தா. டம்ளர்ல ஊத்துன தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சா. பையனுக்கும் குடுத்தா. அவனும் குடிச்சுட்டு, இன்னும் வேணும்னான். கேன் தண்ணியா இருக்கும்னு நெனச்சேன். மனசு கேக்கல. கை கழுவற சாக்குல சமையக்கட்டுக்குப் போயி, என்ன தண்ணீங்கன்னு கேட்டேன். மண்டபத்து போர்த் தண்ணிதானுங்கன்னாரு சமையக்காரரு. வாயில ஊத்திப் பாத்தேன். எங்கூட்டுத் தண்ணியாட்டவே உப்பு.

இன்னொண்ணும் இருக்குதுங்க. செல்லாயி இருந்த வரைக்கும் சனிக்கெழமையானா மத்தியான பஸ்ஸுக்கு வந்து எறங்கிருவா. பையன் அப்பக் கைக்கொழந்தை. இந்தக் கொழாயிலதான் புடிச்சுக் குடிப்பா, இந்தத் தண்ணியிலதான் அவனுக்குக் கஞ்சி காச்சுவா. ஆத்தாளும் மகளும் பேசற பேச்சு ரோட்டுக்குக் கேக்கும். நா உள்ள வந்தா கொஞ்சம் கொறைஞ்சுக்கும், அவ்வளவுதான். செல்லாயி போயி ரெண்டு வருசமாச்சுங்க. அப்ப இருந்துதான் தண்ணி சேரல.

நா என்னத்தச் சொன்னேன், என்னத்தச் செஞ்சேன்னு ரோசன பண்ணிப் பண்ணிப் பாக்கறேன், ஒண்ணும் ஆப்புடல. வருத்தமாத்தான் இருக்குது, இல்லீன்னு சொல்லல. நா ஊட்டுல இருந்த நாளே கொஞ்சம், அதுல என்னத்தப் போயித் தேடறதுங்க.

செரி, நேரமாச்சு, நீங்க அடுத்த ஊட்டுக்குப் போகோணும். முடிவு போன்ல வாருமுன்னீங்கல்ல? கெட்ட தண்ணின்னு வந்துச்சுன்னா ஒடனே அனுப்பிருங்க. அதைய அப்படியே எம்புள்ளைக்கு அனுப்பி, நீ சொன்னதுதான் கண்ணு செரின்னு போட்டுருவேன். ஆனா நல்ல தண்ணின்னு வந்துச்சுன்னா எனக்கு அனுப்ப வேண்டாமுங்க அம்மிணி, உங்ககிட்டயே இருக்கட்டும். தண்ணி நல்லதுன்னு ஆயிட்டா, அவ வராம இருக்கறதுக்கு இந்த ஊட்டுல மிச்சம் நா ஒருத்தந்தானுங்களே.