தவிடு சேர்க்காத மாவு

எனக்கு எலிகளிடம் வெறுப்பு கிடையாது, இன்ஸ்பெக்டர். எழுபத்தெட்டில் சமயநல்லூர் சாலையில் ஆய்வுக்கூடம் தொடங்கியதிலிருந்தே வெள்ளெலிகளைச் செல்லமாகத்தான் வளர்த்தேன். தீனியைக்கூட ஆட்டோகிளேவ் என்ற பெரிய நீராவிப் பானையில் அவித்துத்தான் வைப்போம். கிருமி சாக வேண்டுமல்லவா. டெல்லியிலிருந்து வந்த குழு சுத்தத்தைப் பாராட்டியது. அன்றிலிருந்து ஒருமுறை அவித்ததை மூன்று முறை அவிக்கச் சொன்னேன். பாராட்டு மனிதனைச் சும்மா இருக்க விடாது.

எலிகள் பின்னங்கால்களை இழுத்தன. தீனி வைக்கும் ஒச்சம்மாள் வந்து நின்றாள்.

"அய்யா, எலி அம்புட்டும் குடிகாரன் கணக்கா தள்ளாடுது."

"நோயில்லாத பிராணி எதுக்கும்மா ஓடணும்?" என்றேன்.

ஆனால் நான் படித்தவன். சூடு கூடினால் தீனியிலுள்ள வைட்டமின் அழியும் என்று தெரியும். ஒரு கூண்டுக்கு மட்டும் அவிக்காத அரிசித் தவிடு வைத்துப் பார்த்தேன். அவை எழுந்து ஓடின. மற்றவை செத்தன.

அதற்குள் என் கண்டுபிடிப்பான 'சுத்தான்னம்' அநாதை இல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தவிடு போகத் தீட்டிய பச்சரிசி மாவு. அதே பானையில் மூன்று முறை அவித்தது. வேறெதுவும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. ஆராய்ச்சிக்கு ஒழுங்கு முக்கியம்.

இல்லத்தில் சமைக்கும் ஜெயினம்பு என் அறைக்கே வந்துவிட்டாள்.

"சார், புள்ளைகளுக்குக் காலு வீங்கிக் கெடக்கு. மருது எந்திரிக்கவே மாட்டேங்கிறான். தவிட்டுல கொழுக்கட்டை புடிச்சுக் குடுக்கவா? எலிக்குச் சரியாச்சுன்னு ஒச்சம்மா சொல்லுச்சே."

மறுவாரம் அந்த இல்லத்திலேயே சுத்தான்னத்துக்காக எனக்கு விருது விழா. கலெக்டர் முன்னால் பிள்ளைகள் தவிடு தின்பதா? நம் ஊரில் பிள்ளைகளை எப்படிச் சீண்டுவார்கள்? 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்றுதானே. பெற்றவரில்லாத பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு வரவிட எனக்கு மனமில்லை.

"தவிடு மாட்டுக்கு. இதுக மனுஷப் புள்ளைக."

"மனுஷப் புள்ளைகன்னுதான் சார் கேக்குறேன்."

சமையலறைச் சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

விழாவில் பிள்ளைகளை உட்காரவைத்தே படம் எடுத்தோம். எவ்வளவு அடக்கம் என்று கலெக்டர் வியந்தார்.

முதலில் மருது போனான். பிறகு இரண்டு பெண்பிள்ளைகள். தெரியாமல் நடந்தது என்று எழுத வேண்டாம். தெரிந்துதான் மாவை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் பாருங்கள். மூன்று பேரின் குடலிலும் ஒரு நோய்க்கிருமிகூட இல்லை.